வாரியல் முனையில் தீ

இன்று காலை சாரலில் நனைந்து விழுந்த மாவிலைகளை முற்றத்தில் கூட்டிக்கொண்டிருந்தேன். வாரியலைத் தூக்கி ஈரத்தை உதறியதும் உங்கள் நினைப்பு வந்துவிட்டது. வேறு எந்த வீட்டிலாவது விளக்குமாற்றைப் பார்த்துப் புருஷனை நினைப்பார்களா? சிரிப்பு வந்தது.

விடுப்பில் வந்திருந்தபோது ஐந்தருவியில் குளித்துவிட்டு, தலைகூடத் துவட்டாமல் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டே சொன்னீர்கள். வளைகுடாவில் உங்கள் ஆலையில் ஹைட்ரஜன் குழாய் கசிந்து பற்றிக்கொண்டால், பகலில் அந்தத் தீ கண்ணுக்குத் தெரியாதாம். அதனால் வாரியலை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பீர்களாம். முனை பற்றினால் அங்கே தீ இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் அருவியைக் காட்டி, "ஏட்டி, இந்தத் தண்ணிக்குள்ளயும் அந்த கேஸ்தான் இருக்கு" என்றீர்கள். கதை விடாதீர்கள் என்று நான் பஜ்ஜியைப் பிடுங்கிக்கொண்டேன்.

இப்போது நம் மகள் அதையே சொல்கிறாள். தூத்துக்குடிப் பக்கம் புதிதாக வரும் கம்பெனியில் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, அதை அமோனியாவாக்கிக் கப்பலில் வெளிநாட்டுக்கு அனுப்புவார்களாம். உங்கள் ஆலையில் எரிவாயுவிலிருந்து எடுத்தபோது வானத்தில் சேர்ந்த கரியமில வாயு இதில் சேராது. ஆனால் விலை கூடுதல். எங்காவது சண்டை வந்து எரிவாயு விலை ஏறினால் இதை வாங்க ஓடி வருகிற நாடுகள், விலை இறங்கியதும் பேச்சை மாற்றிவிடுகின்றனவாம். இதை நம்பித்தான் அவள் சென்னையில் இருக்கும் நிலையான வேலையை இன்றைக்குள் விட்டாக வேண்டும்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அங்கே அத்தனை நெருப்புக்கும் தப்பிய நீங்கள் இங்கே வந்து ஒரு நெஞ்சுவலிக்குத் தப்பவில்லை. என்னைத் தனியே முடிவு சொல்ல விட்டுவிட்டுப் போனதில் உங்கள்மேல் கோபம்கூட வருகிறது.

யார் வாங்கப்போகிறார்கள் என்று கேட்காமல் எதையும் செய்யாதே என்றேன். அப்படிக் கேட்டால் வேலையே போய்விடும் என்று முணுமுணுத்தாள். ஆனாலும் போன் போட்டுக் கேட்டாள். ஒருவர் கொஞ்சத்துக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறார், மற்றவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார்களாம். போனை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"இப்ப போகலைன்னா பொறவு எப்பம் போக? வாப்பா இருந்தா என்ன சொல்லுவாங்க உம்மா?"

போகாதே என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் தீ தெரியவில்லை என்று நீங்கள் ஒருநாளும் நின்றுவிடவில்லையே.

"போ. ஆனா அங்கன போயும் கேக்கத நிப்பாட்டிராத" என்றேன்.

உள்ளே போய் ராஜினாமாவை அனுப்பிவிட்டாள். இப்போது பாட்டுப் பாடிக்கொண்டு தலை சீவுகிறாள். முற்றத்தில் ஓர் இலைகூட இல்லை. நான் இன்னும் வாரியலைக் கீழே வைக்காமல் நிற்கிறேன்.