ஒரே ஒரு நாள் ஏறிய சாரம்

என் ஆசை மச்சான் பழமலைக்கு,

நீ போய் ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். நேரம் இல்லை என்று சொன்னால் சிரிப்பாய். ஏழு பேர் வருகிற ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பை நடத்துகிறவனுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்? பயம்தான் மச்சான். உன்னோடு பேச ஆரம்பித்தால் அந்த ஒரு வாக்கியத்தில் போய்த்தான் நிற்பேன் என்று எனக்குத் தெரியும்.

இதை ஊரே படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நமக்குள் நடந்தது உனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது.

முதலில் ஊர்ச் செய்தி. நீ வேலை பார்த்த பீங்கான் கம்பெனியில் இப்போது வாரத்தில் நாலு நாள்தான் சூளை எரிகிறது. உன் இடத்தில் புதிதாக ஒருத்தன் அச்சில் களிமண் கூழை ஊற்றுகிறான். பிள்ளையார் பொம்மைக்குத் தும்பிக்கை கோணலாக வருகிறதாம். மேஸ்திரி உன் பேரைச் சொல்லித்தான் அவனைத் திட்டுகிறாராம். என் வகுப்புக்குக் கீழே இருந்த எஸ்டிடி பூத்தை எடுத்துவிட்டு செல்போன் ரீசார்ஜ் கடை வைத்துவிட்டார்கள். மாடியில் 'ஆறே வாரத்தில் ஆங்கிலம்' போர்டு அப்படியே தொங்குகிறது. நானும் அப்படியேதான் இருக்கிறேன். ஜங்ஷன் உள்ள ஊரில் பிறந்து, எல்லாரையும் வண்டி ஏற்றிவிட்டு, பிளாட்பாரத்திலிருந்து வீட்டுக்குத் திரும்புகிறவன்.

நீ ரெண்டு மணி ஷிஃப்ட் முடிந்து வருவாய். முழங்கை வரைக்கும் வெள்ளைக் களிமண் காய்ந்திருக்கும். பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். ஆனால் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு, வேண்டுமென்றே என்னை 'சார்' என்பாய். படி இறங்கியதும் 'மாப்ள' என்று தோளில் கை போடுவாய்.

உனக்கு இங்கிலீஷில் எல்லாமே இப்போது நடப்பதுதான். 'ஐ ஆம் ஈட்டிங் மாங்கா' என்பாய். எப்போடா என்று கேட்டால், "சின்ன வயசுல மாப்ள" என்பாய். ஒரு தடவை நடந்து முடிந்ததைச் சொல்ல ஒரு விதம், பழக்கமாகத் தினமும் செய்து பிறகு விட்டுப்போனதைச் சொல்ல 'யூஸ்ட் டு' என்று தனியாக ஒரு விதம் என்று போர்டில் கோடு போட்டுப் பிரித்துக் காட்டினேன். நீ தலையைச் சொறிந்தாய்.

"நாம 'போவேன்'னு ஒரே சொல்லுல முடிச்சிடுறோம் மாப்ள. சின்ன வயசுல ஆத்துக்குப் போவேன், நாளைக்கும் ஆத்துக்குப் போவேன். இவனுங்களுக்கு என்னாத்துக்கு இத்தினி பிரிவினை?"

வகுப்பே சிரித்தது. பிறகு நீயே ஒரு வாக்கியம் சொன்னாய். மணிமுத்தாற்றில் நான் தினமும் குளிப்பேன் என்று, 'யூஸ்ட் டு' போட்டு, ஒரு பிழை இல்லாமல். "இப்ப ஏன் குளிக்கறதில்ல?" என்று கேட்டேன். "தண்ணி இருந்தா குளிப்பேன் சார்" என்றாய். அன்றைக்கு உன்னால் எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்புறம்தான் அந்த இண்டர்வியூ வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் ஆள் எடுக்கிறார்கள், வளைகுடாவில் வேலை, ஆனால் அங்கே பொம்மை ஊற்றுகிறவன் வேண்டாம், உயரமான கட்டடத்தில் சாரம் கட்டி ஏறுகிறவன்தான் வேண்டும் என்றார்கள். அனுபவத்தை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். நீ நோட்டில் எழுதிக்கொண்டு வந்து காட்டினாய்.

நீ வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான் சாரம் ஏறியிருக்கிறாய். கம்பெனிச் சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வராத அன்றைக்கு. மத்தியானத்துக்குள் தலை சுற்றி இறங்கிவிட்டதாக நீயே சொல்லிச் சிரித்திருக்கிறாய். நோட்டில் அதைத்தான் எழுதியிருந்தாய். 'ஒன் டே ஐ க்ளைம்ப்ட்.' ஒரு நாள் ஏறினேன். நான் உதவாமல் நீ முதன்முதலாக எழுதிய சரியான இறந்தகாலம் அது. நடந்ததை நடந்தபடியே சொன்ன வாக்கியம்.

நான் சிவப்புப் பேனாவை எடுத்து அதை அடித்தேன். "ஒரு நாள்னு சொன்னா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவான்டா" என்றேன். அதற்குக் கீழே என் கையாலேயே எழுதினேன். 'ஐ யூஸ்ட் டு ஒர்க் ஆன் டால் பில்டிங்ஸ் எவ்ரி டே.' உயரக் கட்டடங்களில் தினமும் வேலை செய்து வந்தேன்.

"பொய் இல்லையா மாப்ள?"

"பொய் இல்லடா. இங்கிலீஷ்."

அப்படித்தான் சொன்னேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டோம் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. நீ மட்டுமா? தையல்காரன் ஒருத்தனை அதற்கு முன்பு டிரைவராக்கி அனுப்பியிருந்தேன். அவன் லீவுக்கு வந்தபோது எனக்கு சென்ட் பாட்டில் வாங்கி வந்தான். எல்லாரும் செய்வதுதானே, ஊரில் நடப்பதுதானே என்று இருந்தேன். போன இடத்தில் நீ கற்றுக்கொள்வாய் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூட இல்லை மச்சான், அதற்கு மேல் யோசிக்கவே இல்லை.

ஒரு வாரம் ஒப்பித்தாய். தேறினாய். லாட்ஜிலிருந்து ஓடி வந்து, மாடிப்படியில் என்னை அப்படியே தூக்கிச் சுற்றினாய். என் சட்டையெல்லாம் உன் வியர்வை.

நீ போன முப்பத்தொன்பதாம் நாள், என் நம்பருக்குத்தான் போன் வந்தது. அவர்களிடம் நீ கொடுத்திருந்தது என் நம்பர். ஒன்பதாவது மாடி உயரத்துச் சாரத்திலிருந்து விழுந்துவிட்டாய் என்றார்கள். நீ ஏறும்போது கீழே பார்த்தாயா? தலை சுற்றுகிறது என்று யாரிடமாவது சொன்னாயா? சொல்ல இங்கிலீஷ் வந்ததா? அதை மட்டும் நான் உனக்குச் சொல்லித்தரவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்தக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. உன் வீட்டில் அதைப் படிக்க வேறு யார் இருக்கிறார்கள்? அம்மாவும் உன் தம்பி கொளஞ்சியும் எதிரில் உட்கார்ந்திருக்க, நான் படித்துத் தமிழில் சொன்னேன். நடுவில் ஒரு வரி இருந்தது. உயரக் கட்டடங்களில் தினமும் வேலை செய்து வந்ததாக இவர் நேர்காணலில் சொன்னதால், பயிற்சி ஏதும் கொடுக்காமல் மேலே அனுப்பினோம் என்று. என் வாக்கியம் மச்சான். ஒரு சொல் மாறாமல், மேற்கோள் குறிக்குள் போட்டுத் திரும்பி வந்திருந்தது.

அந்த வரியைத் தாண்டிவிட்டு அடுத்ததைப் படித்தேன்.

"அவ்ளோதானா? இத்தினி எழுத்து இருக்குது?" என்று அம்மா கேட்டார்.

"அவ்வளவுதாம்மா. மத்ததெல்லாம் மரியாதைக்கு எழுதறது."

அன்றைக்கு மாட்டிக்கொண்டவன்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். நீ கம்பெனியிலிருந்து எடுத்து வந்தாயே, விளிம்பு கோணியதால் கழித்துப் போட்ட பீங்கான் தட்டு, அதில்தான் எனக்குச் சோறு. "எம்புள்ள தட்டுல நீ தின்னாத்தான்பா எனக்கு மனசு ஆறுது" என்பார். போகாமலும் இருக்க முடியாது, போனால் சோறும் இறங்காது. உண்மையைச் சொன்னால் அந்த வாசல் மூடிவிடும். சொல்லாவிட்டால் இன்னொரு கரண்டி குழம்பு விழும். உடம்பு சரியில்லை என்று ஒரு ஞாயிறு பொய் சொன்னேன். கொளஞ்சியிடம் தூக்குவாளியில் ரசம் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வகுப்பிலும் அதே கதைதான். அந்தப் பாடம் வராமல் இங்கிலீஷ் உண்டா? புதிதாக ஒரு கூட்டம் சேரும்போதெல்லாம் போர்டில் 'யூஸ்ட் டு' என்று எழுத வேண்டும். எழுதிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒன்றரை மாதத்துக்கு முன்பு கொளஞ்சி மாடி ஏறி வந்தான். உன்னைப் போலவே முழங்கை வெள்ளையோடு. "நானும் வெளியில போலாம்னு இருக்கறேண்ணா. அண்ணனுக்குச் சொல்லிக் குடுத்தீங்கல்ல, அதே மாதிரி எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றான். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். மறுத்துச் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே? காரணத்தைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமே?

அந்த ஞாயிறே அம்மா வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து என் முன்னால் வைத்தார். கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டப்போகிறாராம். நம் பக்கத்தில் போலீசும் கோர்ட்டும் கேட்காததை மனுவாக எழுதி, சாமி முன்னால் வைத்துப் பூசை பண்ணிக் கட்டிவிட்டு வருவார்களே, அது. தாத்தா காலத்திலிருந்து உங்கள் வீட்டில் அந்தச் சாமியைத்தான் நம்புகிறார்கள். தம்பிக்குப் பேரே அவருடையதுதானே.

"எழுதுப்பா. எம்புள்ளய உசரத்துல ஏத்தி வுட்டவன் எவன்னு எனக்குத் தெரியாது. நீ சும்மா 'அவன்'னு போடு. சாமி கண்டுபுடிச்சிக்கும்."

எழுதினேன். விருத்தாசலத்தில் இருக்கும் பழமலையின் தாய் எழுதிக்கொள்ளும் பிராது என்று ஆரம்பித்தேன். 'அவன்' என்று போட வேண்டிய இடம் வந்தது. பேனா நின்றது. பிராது என்றால் பேரும் விலாசமும் சரியாக இருக்க வேண்டாமா? என் பேரை எழுதினேன். அப்பா பேரை எழுதினேன். ரீசார்ஜ் கடை மாடி என்று விலாசமும் எழுதினேன்.

"படிச்சிக் காட்டு" என்றார். முறத்தில் அரிசியைப் புடைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

தாண்டிப் படிக்க எனக்குத் தெரியாதா? ஒரு முறை செய்தவன்தானே? நாக்கு அந்தப் பக்கம்தான் ஓடியது. பேர் இருந்த இடத்தில் 'அவன்' என்று படித்துவிட்டு, மடித்து அவர் கையில் கொடுத்தால் தீர்ந்தது. சாமிக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருக்கும். அம்மாவின் கை கல் பொறுக்குவதையே பார்த்தேன். அப்புறம் எழுதியதை எழுதியபடியே படித்தேன். உன் நோட்டில் நான் மாற்றி எழுதிய வாக்கியத்தையும் சொன்னேன், அந்தக் கடிதத்தில் விட்டுவிட்ட வரியையும் சொன்னேன்.

அம்மாவின் கை நின்றது. முறத்தைக் கீழே வைக்கவும் இல்லை.

"அன்னிக்கு வந்த காயிதத்துல இது இருந்திச்சா?"

"இருந்துச்சும்மா."

"தெரிஞ்சிகிட்டேதான் வாரா வாரம் எங்கையால தின்னியா?"

நான் எழுந்திருக்கப் போனபோது, "உக்காரு. எம்பேரையும் எழுது" என்றார்.

"அம்மா, நீங்க என்ன பண்ணீங்க?"

"எழுதுன்றேன். பல்லு வெளக்க சொல்லோ அதத்தான் ஒப்பிச்சிகிட்டு இருப்பான். இன்னாடா அர்த்தம்னு கேட்டேன். தெனம் சாரம் ஏறுவேன்னு அர்த்தம்னான். நீ எங்கடா ஏறினன்னு கேட்டேன். சிரிச்சான். நானும் சிரிச்சிட்டு டீ போடப் போயிட்டேன். எழுது."

என் பேருக்குக் கீழே அம்மா பேரை எழுதினேன். எழுத்து கோணிப்போனது. மறுநாள் காலை கோயில் இருக்கிற மணவாளநல்லூருக்கு பஸ் ஏறினோம். அம்மா என் பக்கத்தில் உட்காரவில்லை. கட்டிவிட்டுத் திரும்பினோம். என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஐந்து ஞாயிறு போய்விட்டது. அம்மா கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டார் என்று தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெளியே போகாமல் அறையிலேயே கிடக்கிறேன். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பார்கள். எனக்கு இறங்கவில்லை மச்சான், தோள் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

நேற்று கொளஞ்சி வந்தான். அம்மா சொல்லி எல்லாம் தெரிந்திருக்கிறது. உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அடுத்த மாசம் இண்டர்வியூ வருது. சாரம் ஏறிப் பழக்கமான்னு கேட்டா இன்னா சொல்லணும்?"

"ஏறினதே இல்லைன்னு சொல்லணும்."

"எடுக்க மாட்டாங்க."

"எடுக்க மாட்டாங்கதான்."

என்னை முறைத்துப் பார்த்தான். போய்விடுவான் என்று நினைத்தேன். உன் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து நோட்டைத் திறந்தான்.

மச்சான், அவனுக்கு நல்ல வேலை வாங்கித் தருவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. அவன் கை செய்யாத வேலையை அவன் வாயில் வைக்க மாட்டேன். ஒரு நாள் செய்ததை ஒரு நாள் என்றே எழுத வைப்பேன். தேறாமல் திரும்பி வந்து என் சட்டையைப் பிடித்துத் திட்டினால், திட்டுவதற்கு அவன் இருக்கிறானே என்று நின்று வாங்கிக்கொள்வேன். அம்மா என்றைக்காவது மனம் மாறி என்னைக் கூப்பிட்டால் போவேன். வாழை இலையில் போட்டாலும் சரி, வெறுங்கையில் பிசைந்து கொடுத்தாலும் சரி, சாப்பிடுவேன். அந்தக் கோணல் தட்டில் மட்டும் இனி கை வைக்க மாட்டேன். அது உன் தட்டு.

உன் அம்மா கையால் உன் பங்குச் சோற்றைத் தின்ற,
உன் மாப்ள
செல்வராசு