வந்த வழி தப்பு

5-7-43, திங்கள். மாட்டுங்கா, பம்பாய்.
விடாத மழை. குடைக் கம்பி உடைந்தது. ரேஷனில் அரிசி, சர்க்கரை. மண்ணெண்ணெய் இல்லை. ஒன்பதாம் வகுப்பு ஜியாமெட்ரி தாள்கள், பாதிதான் ஆயிற்று.

சாப்பிடும்போது மாமனார், என் முகம் பார்க்காமல்: "செத்தவாகிட்டேர்ந்து கடுதாசி வராது. இவன்கிட்டேர்ந்தும் ஒரு வருஷத்துக்கு மேல வரலை. இன்னும் என்ன வேணும்?"

ஜப்பான்காரன் வந்ததும் ரங்கூனிலிருந்து நடந்தே கிளம்புவதாக இவர் எழுதியதுதான் கடைசி. ஆடி அமாவாசைக்குள் தர்ப்பையில் உருவம் செய்து, கொளுத்தி, காரியத்தை முடித்துவிட வேண்டுமாம். மைத்துனன் மணி செய்வான். பிறகு எனக்குப் பொட்டு, தாலி கிடையாது. அழுகை வரவில்லை. ரசத்தில் உப்புப் போதவில்லை என்று தோன்றியது. அவ்வளவுதான்.

6-7, செவ்வாய்.
தூறல். பத்மாவின் தாள்: செவ்வகத்தில் மூலைவிட்டங்கள் சமம்; இந்தப் படத்திலும் சமம்; ஆகவே இது செவ்வகம். பூஜ்யம் போட்டேன். வகுப்பில் எழுந்து நின்றாள்.

"டீச்சர், அது ரெக்டாங்கிள்தானே? ஆன்ஸர் சரிதானே?"

கரும்பலகையில் வேறொரு படம் போட்டேன். மேலே குறுகல், கீழே அகலம், இரு பக்கமும் ஒரே சாய்வு. மூலைவிட்டங்கள் சமம். செவ்வகம் இல்லை.

"ஆன்ஸர் சரி. வந்த வழி தப்பு. மார்க் வழிக்குத்தான்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

டிராமில் வரும்போதுதான் உறைத்தது. மாமனார் சொன்னதும் இதே கணக்கு. உயிரோடு இருப்பவர்களும் எழுத முடியாமல் இருக்கலாம். காடு, காய்ச்சல், சிறை. ஒரு நிமிஷம் நிம்மதி. ஆனால் வழி தப்பானாலும் பத்மாவின் படம் செவ்வகம்தானே. பயமாக இருக்கிறது.

8-7, வியாழன்.
மழை விட்டது. துணி காயவில்லை. நாள் பார்க்க சாஸ்திரிகள் வந்தார்.

"தகவலே இல்லேன்னா பன்னண்டு வருஷம் பொறுக்கணும். போயிட்டார்னு நிச்சயமாத் தெரிஞ்சா வேண்டாம். நிச்சயமா?"

மாமனார் கடுதாசி வராததைச் சொன்னார். சமையலறை வாசலிலிருந்தே சொன்னேன்: "அதை வச்சு நிச்சயம்னு சொல்ல முடியாதுப்பா. இருக்கறவாளுக்கும் எழுத வழியில்லாம இருக்கலாம்."

மாமனார் நிமிர்ந்து பார்த்தார். "அப்போ, இருக்காங்கறியா?"

"அதையும் சொல்ல முடியலை."

சாஸ்திரிகள் நாள் குறிக்காமல் பஞ்சாங்கத்தை மூடினார். காபி குடித்துவிட்டுக் கிளம்பினார். மணி தெருமுனை வரை கூடப் போனான்.

மாமனார் இருந்த இடத்திலேயே இருந்தார். இலை போட்டுக் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தார். சாதத்தைப் பிசையவில்லை.

"பன்னண்டு வருஷம் நான் இருக்க மாட்டேனேம்மா."

மோர் ஊற்றினேன்.