க்ளீனாப் போடுங்க பாய்

மாப்ள, முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இன்னமும் உன்னை வைத்துத்தான் நான் வெங்காயம் விற்றுக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலையும் வண்டிக் குழாய் ஸ்பீக்கரில் நீதான் கத்தினாய். "அம்மா வாங்க, அக்கா வாங்க, பல்லாரி வந்திருக்கு, சின்ன வெங்காயம் வந்திருக்கு, உரிக்கும்போதுதான் கண்ணீரு, வாங்கும்போது சிரிப்பு!" பழங்காநத்தத்தில் ஒரு அக்கா வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டே கேட்டது.

"இது யாரு குரலுண்ணே? உங்களுது தகரத்தைத் தரையில இழுத்த மாதிரில்ல இருக்கும்?"

"என் மாப்ள குரலுக்கா."

"அவரை யாவாரத்துக்கு அனுப்பிட்டு நீங்க வீட்டுல இருக்கலாம்ல?"

"அவரு கொஞ்சம் பிசிக்கா" என்று சொல்லிவிட்டுத் தராசைப் பார்த்தேன். நீ முறைப்பது தெரிகிறது. வேறு என்ன சொல்லச் சொல்கிறாய்?

இந்த மடலை உனக்கு எழுதக் காரணம் இருக்கிறது. நான் செய்துவிட்டு நிற்கிற காரியத்தை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அப்படி ஒன்று இருந்ததே இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவன் செத்துப் போனான். இன்னொருவன் அதை அழித்துவிட்டான்.

உன் தொண்டையில் டாக்டர் கத்தி வைப்பதற்கு முந்தின வாரம், லேப்டாப்பை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு என் வண்டியில் ஏறினாய். "சத்தம் இல்லாத எடமா விடுறா" என்றாய். கீழக்குயில்குடிக்குப் போனோம். சமணர் மலை அடிவாரத்தில் ஓரமாக நிறுத்தினேன். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு என்னை வெளியே போகச் சொன்னாய்.

"நான் இருந்தா என்னடா?"

"நீ இருந்தா சிரிப்பு வந்துரும். எம்மக கல்யாணத்தன்னைக்குக் கேக்கப் பேசுறேன். அன்னைக்கு எனக்குக் குரல் இருக்காது. ஆளே இருப்பேனோ என்னமோ. நீதான் மேடையில போட்டுக் காட்டணும். அதுவரைக்கும் இது அவளுக்கும் தெரியக் கூடாது, உன் தங்கச்சிக்கும் தெரியக் கூடாது."

உன் மனைவியை நான் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்த நாளிலிருந்து அவளிடம் நான் மறைத்தது அது ஒன்றைத்தான்.

நான் வெயிலில் நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் வாய் அசைந்தது. ஒரு சொல் கேட்கவில்லை. நடுவில் கண்ணைத் துடைத்தாய். அப்போதாவது நான் மலைப்பக்கம் திரும்பி நின்றிருக்கலாம். என் புத்தி அப்படிப் போகுமா? கண்ணாடியைத் தட்டினேன். "போதும்டா, உள்ள வெங்காயம் வெந்துரும்!" நீ ஐந்து விரலைக் காட்டினாய், இன்னும் ஐந்து நிமிடம் என்று. நான் தலையை ஆட்டிவிட்டு இரண்டு விரலைக் காட்டினேன். நீயும் சிரித்துக்கொண்டே சரி என்றாய். அந்த மூன்று நிமிடத்தை எங்கே போய் வாங்குவேன், மாப்ள?

இறங்கி வந்து, "குரலு மிச்சம் கெடக்கு, உன் யாவாரத்துக்கும் ஒண்ணு பேசித் தாரேன்" என்றாய். அப்படிப் பிறந்ததுதான் இந்தப் பல்லாரிக் கூவல். அதை இரண்டு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தாய், வண்டிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்தவன் நீ. எதையும் நகல் எடுக்காமல் விடமாட்டாய். என் ரேஷன் கார்டுக்கு என் வீட்டில் இருந்ததைவிட உன் வீட்டில் ஜெராக்ஸ் அதிகம். "ஜெராக்ஸ் இல்லாத பேப்பரு காத்துல போற பேப்பரு" என்பாய். அப்பேர்ப்பட்டவன் மகளுக்குப் பேசியதை மட்டும் நகல் எடுக்கவில்லை. "ரெண்டு எடத்துல இருந்தா ஒண்ணு கசிஞ்சிரும். முன்னாடியே கேட்டுட்டா அழுதுருவா" என்றாய். வெங்காயத்துக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று.

ஆபரேஷனுக்குப் பிறகு உன் பேச்செல்லாம் சீட்டில்தான். நான் ஆறாவதோடு நின்றவன். நீ எழுதி நீட்டுவதை எழுத்துக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் உனக்குச் சொல்ல வந்ததே மறந்துபோகும். "கோழி கிண்டுன மாதிரி எழுதாதடா, அச்சு மாதிரி எழுது" என்று திட்டுவேன். "உனக்கு வாசிக்கத் தெரியலன்னு சொல்லு" என்று அதற்கும் ஒரு சீட்டு எழுதுவாய். அந்தச் சீட்டுகளை வாசித்து வாசித்துத்தான் எனக்கு எழுத்து பிடிபட்டது. இல்லாவிட்டால் இன்று இத்தனை பக்கம் எழுதுவேனா?

உன் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. நல்ல பையன், திருமங்கலத்தில் வாத்தியார் வேலை. என்னை முதல் தடவை பார்த்ததும் "வணக்கம் மாமா" என்றான். "வணக்கம் இருக்கட்டும், வெங்காயம் உரிப்பியா?" என்றேன். உரிப்பேன் என்றான். அப்போதே நான் சம்மதம் சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த லேப்டாப் ஞாபகம் வந்தது. அது திறக்கிற வேகம் உனக்கே தெரியும். பித்தானை அமுக்கிவிட்டு ஒரு தெரு முழுக்க விற்றுவிட்டு வரலாம். திரும்பி வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். உள்ளே கிர்ர் கிர்ர் என்று அரிசி புடைக்கிற சத்தம் வேறு. கல்யாண மண்டபத்தில் ஐந்நூறு பேர் உட்கார்ந்திருக்க, மேடையில் இது வட்டம் சுற்றிக்கொண்டு நின்றால்? ரிப்பேர் பார்த்துத் தருகிறேன் என்று தங்கச்சியிடம் வாங்கிக்கொண்டு சிம்மக்கல் பக்கம் ஒரு மாடிக்கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ஒரு பாய். தங்கமான மனிதர், அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. கழற்றிப் பார்த்துவிட்டு, "மிஷினு நல்ல மிஷினுண்ணே. டிஸ்க்குதான் கெழடு. உள்ள தட்டு சுத்துற டிஸ்க்கு. சுத்தாத டிஸ்க்கு இருக்கு, எஸ்.எஸ்.டி.ன்னு. அதைப் போட்டா கண்ணை மூடித் தொறக்கங்குள்ள தொறந்துரும்" என்றார். போடுங்க என்றேன். அப்போது ஒரு கேள்வி கேட்டார்.

"பழசுல இருக்குறதை அப்படியே மாத்தவாண்ணே, இல்ல க்ளீனாப் போடவா?"

மாப்ள, எனக்கு இங்கிலீஷில் தெரிந்ததே இருபது முப்பது சொல்தான். அதில் க்ளீன் ஒன்று. அதை எனக்குத் தெரியும் என்று நினைத்ததுதான் கேடு.

"என்ன பாய் கேள்வி இது? க்ளீனாத்தான் போடணும். நான் வெங்காய யாவாரி, சருகோடயா விப்பேன்?"

அவரும் சிரித்தார். "பழைய டிஸ்க்கு இன்னும் ஓடுதுண்ணே. சி.டி. போடுற எடத்துல அதை மாட்டித் தாரேன், சாமான் வச்சுக்கலாம். அதையும் க்ளீன் பண்ணிரவா?"

"அதையும் க்ளீன் பண்ணிருங்க பாய். கை வைக்கிறதே வைக்கிறீங்க, அம்புட்டையும் சுத்தமா வச்சுருங்க."

ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை சொன்னேன்.

மறுநாள் போய் வாங்கினேன். பித்தானை அமுக்கிக் கையை எடுப்பதற்குள் திறந்துகொண்டது. நான் கைதட்டிவிட்டேன். பிறகுதான் பார்த்தேன், உன் மகள் ஞானஸ்நான உடுப்போடு சிரிக்கிற படம் இருந்த இடத்தில் வெறும் நீலம். உன் பெட்டிகள், நீ பெயர் எழுதி வைத்த கோப்புகள், எதுவும் இல்லை. கழுவிவிட்ட களம் மாதிரி இருந்தது.

"பாய், உள்ள இருந்தது எங்க?"

"க்ளீனாப் போடச் சொன்னீகள்ல?"

"ஆமா, க்ளீனாத்தான் சொன்னேன். இருந்தது எங்க?"

அவர் முகம் மாறியது. நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தார். "அண்ணே, க்ளீனுன்னா இருந்ததை அம்புட்டையும் அழிச்சிட்டுப் புதுசாப் போடுறது" என்றார் மெதுவாக.

உன்னை அடக்கம் பண்ணிய அன்றுகூட உன் சொந்தக்காரர்களைக் கிண்டலடித்துக்கொண்டு நின்றவன் நான். அன்று பாய் கடையில், ஏழெட்டுப் பேர் பார்க்க, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். பாய் கடையைப் பாதி அடைத்துவிட்டு வந்தார். "பழைய டிஸ்க்குல மேல ஒண்ணும் எழுதலண்ணே. எழுதலன்னா பழசெல்லாம் அடியில கெடக்கும். கொஞ்ச நாளு குடுங்க" என்றார்.

நான்கு நாள் கழித்துத் தோண்டி எடுத்து, புது டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்தார். "பேரெல்லாம் போயிருச்சுண்ணே, வெறும் நம்பருதான் இருக்கு. பாதி ஒடைஞ்சிருக்கும். எது எதுன்னு கேட்டுத்தான் பாக்கணும். நீங்க சொல்றது இதுல இருக்குன்னும் சொல்லமாட்டேன், இல்லைன்னும் சொல்லமாட்டேன்."

அறுநூற்றுச் சொச்சம் இருக்கிறது, மாப்ள. நீ எதைத்தான் ரெக்கார்ட் பண்ணாமல் விட்டாய்? பாடகர் குழு ஒத்திகை, ஆசிரியர் கூட்டம், மழை. ஒன்றில் நான் குறட்டை விடுகிறேன், பின்னால் நீ சிரிக்கிறாய். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிலது ஒரு சொல்லோடு நிற்கிறது. சிலது திறக்கவே மாட்டேன் என்கிறது. திறக்காத ஒவ்வொன்றும் அதுவாகத்தான் இருக்கும் என்று மனது அடித்துக்கொள்கிறது.

நேற்று உங்கள் வேதக்கோயிலில் உன் மகள் கல்யாணத்துக்கு முதல் அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். நானும் போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். "இவர்கள் திருமணத்துக்குத் தடை எதுவும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம்" என்றார் போதகர். எழுந்து நின்று, "ஐயா, பொண்ணோட அப்பா பேசவேண்டியது இருக்கு, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்து பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டேன். இன்னும் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தால் அதற்கடுத்த புதன்கிழமை கல்யாணம்.

வெளியே வந்ததும் தங்கச்சி என்னைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, எங்க தெருவுக்குள்ள வந்தா மட்டும் ஏன் கொழாயை நிறுத்திர்றீங்க?"

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் தங்கச்சி."

"நாலு தெரு தள்ளி அவரு சத்தம் கேக்குது. கிட்ட வந்ததும் நின்னுருது. அதுதாண்ணே கஷ்டமா இருக்கு. போட்டுட்டே வாங்க."

அந்த இடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட நினைத்தேன். நாக்கு வரை வந்தது. "சரி, அப்ப ஒரு கிலோவாவது வாங்கு" என்றுதான் வாயில் வந்தது. அவள் சிரித்தாள்.

அது கிடைக்காமல் போனால் மேடையில் நான் என்ன செய்வேன்? உன் உதடு அசைந்ததை மட்டும்தான் கொண்டுபோக முடியும். கண்ணைத் துடைத்த பிறகு உன் உதடு ஒரு தடவை ஒட்டிப் பிரிந்தது, மாப்ள. அதை நான் மறக்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அம்மா என்றாலும் ஒட்டுகிறது, அப்பா என்றாலும் ஒட்டுகிறது. இரண்டில் எதைச் சொன்னாய் என்று தெரியாமல் எதையாவது சொல்லி, அதை உன் பேச்சு என்று அவளிடம் எப்படிக் கொடுப்பேன்? தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். சாப்பிடும்போது இரண்டு, சரக்கு ஏற்றும்போது மூன்று. இன்னும் இருநூறு பாக்கி.

லேப்டாப் ஸ்பீக்கர் முனகுகிறது என்பதால் வண்டி ஆம்ப்ளிஃபயரில் ஒயர் மாட்டி, குழாயை அணைத்துவிட்டு, உள்ளுக்குள்ளே வைத்துக் கேட்பேன். இன்று திருமங்கலம் தாண்டி ஒரு ஊரில், ஆரம்பப் பள்ளிக்கூடத்து வேப்பமர நிழலில் நிறுத்தியிருந்தேன். குழாயை அணைக்க மறந்துவிட்டேன். நானூற்றுப் பதினேழில் ஒன்றும் கேட்கவில்லை என்று சத்தத்தை முழுக்க ஏற்றினேன். அது உங்கள் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பள்ளி விடும்போது அடிக்கிற நீள மணி. பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். அப்போது மணி பதினொன்றே கால். தலைமையாசிரியை வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார். நான் சின்ன வெங்காயம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.