காது மெஷினுக்கு யார் பொறுப்பு

அன்புள்ள பெரியவனுக்கு, எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், முழுசாக அப்படி எழுதக் கை வரவில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, போன தடவை அனுப்பிய போட்டோவில் துடைப்பக்குச்சி மாதிரி நிற்கிறாய்.

உன் தங்கையின் காது மெஷின் உடைந்ததை அப்பா போனில் அரைகுறையாகத்தான் சொல்லியிருப்பார். விளையாட்டுப் பீரியடில் டீச்சர் வாட்ச், செயின் எல்லாவற்றையும் கழற்றித் தன் மேஜையில் வைக்கச் சொல்லியிருக்கிறார், இவள் மெஷினையும் சேர்த்துத்தான். இவள் தயங்கியதற்கு, ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான் என்றாராம். அவர் அந்தப் பக்கம் போனதும் கூடப் படிக்கிற பெண் ஒருத்தி இயர்போன் என்று நினைத்து அதை எடுத்து இழுத்துப் பார்த்திருக்கிறாள், இரண்டாகிவிட்டது. நான் போய்க் கேட்டால் ஹெச்.எம். சுவரில் இருக்கிற போர்டைக் காட்டுகிறார், மாணவர் உடைமைகளுக்குப் பள்ளி பொறுப்பல்ல என்று. எனக்கு வந்ததே கோபம்! கழட்டச் சொன்னது உங்க டீச்சர், வச்சது உங்க மேஜை, அது உடைமை இல்லைங்க, என் பொண்ணோட காது என்று கேட்டேவிட்டேன். பிள்ளைங்க விவகாரம், ரெண்டு வீட்டுக்காரங்களும் பேசி முடிச்சுக்கங்க என்று அனுப்பிவிட்டார்.

மறுநாளே அந்தப் பெண்ணின் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வீடு தேடி வந்தார், செருப்புக் கடையில் வேலை பார்க்கிறவர். அந்தப் பிள்ளை அழுத அழுகையில், சண்டைக்குத் தயாராக இருந்த நானே அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். நேற்று நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே ஸ்கூலுக்குப் போனோம். ஹெச்.எம். மறுபடி அதே பாட்டைப் பாடினார். அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேசி முடிச்சிட்டோம் மேடம், அதனாலதான் ஒண்ணா வந்திருக்கோம், என் பொண்ணு செஞ்சது தப்பு, எங்க பங்கை நாங்க தரோம், உங்க பங்கு என்னன்னு சொல்லுங்க என்றாரே பார்க்கணும்! ஹெச்.எம். நிர்வாகத்தைக் கேட்டுத் திங்கட்கிழமை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

நீ புதிது வாங்கி அனுப்புகிறேன் என்கிறாய், உன் மனசு எனக்குத் தெரியாதா, ஆனால் கொஞ்சம் பொறு. நீ வாங்கிக் கொடுத்தால் விஷயத்தை அதோடு மூடிவிடுவார்கள், நாளைக்கு இன்னொரு பிள்ளையின் மூக்குக்கண்ணாடியையும் கழற்றச் சொல்வார்கள். பெரிய இடத்தோடு மோதாதே என்று அப்பா புலம்புகிறார், அவர் கிடக்கிறார். நான் விடப்போவதில்லை. ஸ்கூலே வேண்டாம் என்று இவள் போர்வைக்குள் சுருண்டு கிடந்ததை நான் மறந்துவிடவா?

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். திங்கட்கிழமை மறக்காமல் வீடியோவில் வா, வெறும் போனில் பேசினால் அவளுக்குக் கேட்காது. அன்றைக்கு அவளும் எங்களோடு ஸ்கூலுக்கு வருகிறாள். இன்று காலை தானாகவே எழுந்து யூனிபாரத்தை இஸ்திரி போட்டாள். பொறுப்பில்லைன்னா அதை என்னைப் பார்த்துச் சொல்லட்டும்மா, வாயசைவைப் பார்த்தே புரிஞ்சுக்குவேன் என்கிறாள்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா