ஒன்பதாம் எண் நத்தை

ஜூன் 3, திங்கள்

ஏழாம் எண் இன்று ஒன்பது கிராம்! சமையலறைத் தராசில் மூன்று முறை நிறுத்துப் பார்த்துவிட்டேன். அம்மா பின்னால் நின்றுகொண்டு, “அதுலதான்டி நான் சர்க்கரை நிறுக்கணும், சோப்புப் போட்டுக் கழுவி வை” என்றாள். கழுவவில்லை. நாளைக்கும் நிறுக்கத்தானே போகிறேன்.

அக்காவின் ஆய்வுக்கூடத்தில் ஏசி கெட்டுப்போய் அங்கிருந்த நத்தைகள் செத்துவிட்டன. அதனால்தான் மிஞ்சிய பன்னிரண்டு குஞ்சுகளும் இரண்டு மாதமாக என் அறையில். ஆய்வுக்கூடத்திலேயே பொரித்தவை, வெளிமண்ணையே தொடாதவை. அவற்றின் ஓட்டில் அம்மாவின் நகப்பூச்சால் எண் எழுதியது நான்தான். தினமும் முட்டைக்கோஸ் இலை வைப்பதும், மண்ணில் தண்ணீர் தெளிப்பதும், எடையை நோட்டில் எழுதுவதும் நான்.

ஜூன் 9, ஞாயிறு

அக்கா இன்று நல்ல மனநிலையில் இருந்தாள். விடாமல் கேள்வி கேட்டேன்.

நத்தைக்கு நம்மைப் போல் சிவப்பு ரத்தம் இல்லையாம். செம்பு கலந்த நீல ரத்தம். அதனால் செம்பு அதற்கு வேண்டும். காட்மியம் என்று இன்னோர் உலோகம், அது விஷம். இரண்டும் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் சேர்ந்தே உள்ளே வரும். எப்படிப் பிரித்து அறியும்?

“அதுக்குன்னு புரதம் இருக்கு. ஆதியில ஒரே வகைதான், எந்த உலோகம் வந்தாலும் பிடிச்சு வெச்சுக்கும். அப்புறம் அதைச் செய்யற மரபணு தவறுதலா ரெண்டு நகலாச்சு. கோடிக்கணக்கான வருஷத்துல ஒரு நகல் செம்புக்குன்னு ஆச்சு, இன்னொண்ணு காட்மியத்துக்குன்னு ஆச்சு.”

“பிடிச்ச காட்மியத்தை என்ன பண்ணும்?”

“ஒண்ணும் பண்ணாது. வெளிய விடாது. வயித்துக்குள்ள பூட்டி வெச்சுக்கிட்டே வாழ்ந்துடும்.”

“உள்ள எவ்வளவு இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“மெஷின் இருக்கு” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

ஒரு தவறிலிருந்து இப்படியொரு புத்திசாலித்தனம்! இதை நினைத்து நினைத்து வீட்டுப்பாடமே எழுதவில்லை.

ஜூன் 20, வியாழன்

நாளை அக்கா எல்லாவற்றையும் எடுத்துப்போகிறாள். ஒன்பதாம் எண்தான் வளரவே இல்லை. மூன்று கிராம். எல்லாம் கொழுகொழுவென்று இருக்க, இது மட்டும் நான் பட்டினி போட்டது போல் நிற்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 21, வெள்ளி

எழுதலாமா? என் டைரிதானே.

பள்ளிக்குப் போகும் வழியில் பழைய பேட்டரி உடைக்கும் கொட்டகை இருக்கிறது. அதன் ஈரச் சுவரில் இதே வகை நத்தைகள் ஒட்டிக்கிடக்கும். நல்ல பருமனான ஒன்றை எடுத்துவந்து, அதன் ஓட்டில் 9 என்று எழுதிப் பெட்டியில் விட்டேன். உண்மையான ஒன்பது என் கட்டிலுக்கடியில் பிஸ்கட் டப்பாவில். கொஞ்சம் தேற்றிவிட்டு, திரும்பி வரும்போது மாற்றிக்கொள்ளலாம்.

அக்கா எண்ணிப் பார்த்து, “பன்னெண்டும் சூப்பர்டி, உன் கை ராசி” என்றாள்.

“எப்பத் திருப்பிக் கொண்டு வருவ?”

“பாக்கலாம்.”

ஜூன் 25, செவ்வாய்

அக்கா மறந்துவிட்ட சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். அவள் இல்லை. மேசைமேல் வெள்ளைத் தட்டு. அதில் ஓடுகள். என் கையெழுத்து. 3, 7, 12... எல்லாம் வெறும் ஓடு.

உதவியாளர் அண்ணன், “உள்ள இருந்ததையெல்லாம் அரைச்சு அமிலத்துல கரைச்சாச்சும்மா” என்றார், ஏதோ துணி காயப்போட்டாச்சு என்பது போல.

ஏழு என் விரல்மேல் ஏறும். ஏழு.

சாயங்காலம் அக்காவிடம் கேட்டேன். “அரைக்காம எப்படி அளக்கறது?” என்றாள்.

“ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ வளர்த்திருப்பியா?”

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “அவ படிப்புடி அது” என்றாள். அப்போ அம்மாவுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும். நான் ஒருத்திதான் முட்டாள். நான் எழுதின எடையெல்லாம் எதுக்குன்னு இப்பப் புரியுது – ஒரு கிராமுக்கு எவ்வளவு காட்மியம்னு வகுக்கத்தான்.

ஏமாத்திட்டா. என் கையாலேயே.

ஜூன் 26, புதன்

பேசவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

பேசவில்லை. ஒன்பது, டப்பாவில் கேரட் தின்கிறது. நிறுக்கவில்லை. இனி யாருக்காக நிறுக்க?

ஜூலை 8, திங்கள்

அக்கா சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அதற்குமுன் பேராசிரியரோடு போனில் பேசியது கேட்டது. “இல்ல சார், சுத்தமா வளர்ந்ததுதான்... ஒன்பதுல மட்டும் முப்பது மடங்கு... பாத்திரமெல்லாம் நானேதான் சார் கழுவினேன்...”

அவள் கழுவின பாத்திரத்திலேயே கோளாறு என்கிறாராம். அதே பாத்திரங்களில் எடுத்த எட்டு மாத அளவுகளையும் குப்பையில் போடச் சொல்கிறாராம்.

எனக்குத் தெரியும் ஏன் என்று. இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஓட்டில் நான் எந்த எண் எழுதினால் என்ன, அந்தப் பேட்டரிக் கொட்டகைச் சுவரில் தின்ற காட்மியத்தையெல்லாம் அது உள்ளே பிடித்து வைத்திருந்திருக்கிறது.

முதலில் வந்தது சந்தோஷம். வெட்கம்கெட்ட சந்தோஷம். நல்லா வேணும் என்று நினைத்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

சும்மா இருந்தாலே போதும். நான் எதுவும் செய்யவே வேண்டாம். அவளும் அதைத்தானே செய்தாள் – எதுவும் சொல்லாமல் சும்மா இருந்தாள்.

அப்படியென்றால் நான்?

ஜூலை 10, புதன்

டப்பாவை அவள் மேசையில் வைத்தேன். “இதுதான் ஒன்பது. அது நான் வழியில ஒரு சுவத்துல எடுத்தது.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. “எட்டு மாச வேலைடி! ஏன்டி இப்படி ஏமாத்தின?”

“நீயும்தான்” என்றேன்.

பிறகு நானே கேட்டேன். “இதை அரைச்சா உன் கணக்கு சரியாயிடுமா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “ஆயிடும்” என்றாள். எனக்கு அழுகை வந்தது. ஆனால் இந்த ஒன்றிலாவது அவள் பொய் சொல்லவில்லை.

டப்பாவை அவளிடமே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

காலையில் டப்பா என் கட்டிலுக்கடியில் இருந்தது. மூடியைத் திறக்கவே பயமாக இருந்தது. உள்ளே புது முட்டைக்கோஸ் இலை. ஒன்பது அதன்மேல்.

நடந்ததை நடந்தபடி பேராசிரியரிடம் சொல்லிவிட்டாளாம், வாங்கியும் கட்டிக்கொண்டாளாம். அட்டவணையில் பதினொன்றுதான் நிற்குமாம். அம்மாதான் சொன்னாள்.

ஜூலை 15, திங்கள்

சாப்பிடும்போது அக்கா, என்னைப் பார்க்காமல், “அவ்வளவு விஷத்தை உள்ள வெச்சுக்கிட்டு அந்த நத்தை நல்லாத்தான் இருந்திருக்கு. சார்கூட ஆச்சரியப்பட்டார். அந்தச் சுவர் எங்க இருக்கு?” என்றாள்.

அந்தச் சுவரில் இன்னும் நாற்பது, ஐம்பது இருக்கும்.

“மறந்துபோச்சு” என்றேன்.

எனக்கு எதுவும் மறக்காது என்று அவளுக்குத் தெரியும். மேற்கொண்டு கேட்கவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

எடை நோட்டை ஒரு மாதமாக நான் தொடவில்லை. இன்று பேனா தேடும்போது திறந்து பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் மூன்று நாள் எடை எழுதியிருந்தது, அக்காவின் சாய்ந்த எழுத்தில். ஒன்பது – நாலு கிராம். நாலேகால். நாலரை.

ஏழாம் எண்ணின் எடைகள் இருந்த பக்கத்தை மட்டும் புரட்டவில்லை. அவளோடு இன்னும் சரியாகப் பேசவில்லை.

அவள் கழுவாமல் வைத்திருந்த தராசை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, அம்மாவின் சர்க்கரை டப்பா பக்கத்தில் வைத்தேன்.