ஒற்றைத் தாளில் போனவளுக்கு

மேல் டிவிசன்,
ராகலை.
7.2.1965

அன்பு மகள் பூரணிக்கு, அப்பா பொன்னையா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகமாக இருப்பதாக எழுதியிருக்கிறாய். எழுத்து உன்னுடையதுதானா என்று உன் பழைய கொப்பியை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். உன்னுடையதுதான், அதனால் நம்புகிறேன். ஆனால் உறையை யாரோ பிரித்து மறுபடி ஒட்டியது போல இருந்தது. அடுத்த முறை பசையை நிறையப் பூசு.

இங்கே பனி கொட்டுகிறது. கொழுந்து இல்லாமல் தேயிலை ஸ்டோரில் பாதி நாள் மெஷின் ஓடுவதில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. நீ பிள்ளைக்காம்பராவில் தொட்டிலாட்டித் தூங்கவைத்த மூக்கன் பேரன் எழுந்து நடக்கிறான். அக்டோபரில் இரண்டு பிரதமர்களும் கையெழுத்துப் போட்டதிலிருந்து லயத்து வீடுகளில் வேறு பேச்சே கிடையாது. இத்தனை லட்சம் பேர் இந்தியாவுக்கு, இத்தனை லட்சம் பேர் இங்கே என்று பங்கு போட்டிருக்கிறார்கள். நாம் எந்தப் பங்கு என்று யாருக்கும் தெரியவில்லை. பென்சிலோடு எவன் வந்தாலும் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

நீ யாருடைய வீட்டில் தங்கியிருக்கிறாயோ அந்த வீட்டுப் பெண் இங்கிரிட்டைப் பற்றித்தான் இப்போது எழுத வேண்டும். நாடுகளுக்குள்ளே நட்பு வளர ஓர் ஆள் இங்கிருந்து அங்கே, ஓர் ஆள் அங்கிருந்து இங்கே என்று நட்புச் சங்கத்தார் சொன்னபோது நீயும் அம்மாவும் தலையாட்டினீர்கள். எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை. வந்தவளோ, தோட்டத் துரை தன் பங்களாவில் அறை தருகிறேன் என்று சொல்லியும் கேட்காமல் நம் லயத்துக் கடைசிக் காம்பராவில் பாயை விரித்தாள். தண்ணீர்ப் பீலியடியில் குடத்தோடு வரிசையில் நிற்கிறாள். நம் தொழிற்சங்கப் பேச்சைக் கேட்டுத் துரையிடம் சொல்ல வந்தவள் என்றுதான் முதலில் நினைத்தேன். உங்கம்மா மட்டும், "அந்தப் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு, ஏன் இப்படி மொறைக்கிறீங்க" என்று என்னோடு சண்டை பிடித்தாள்.

பிறகு அவள் ஒரு கொப்பியோடு வீடு வீடாக வந்தாள். பிள்ளை என்ன எடை, என்ன சாப்பிடுகிறது என்று கேட்டவள், எங்கே பிறந்தது, அப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான் என்றும் கேட்டாள். பிள்ளைகளின் நோய் நொடி தெரிந்துகொள்ளத்தானாம். பிரஜாவுரிமைக் கந்தோர் அதிகாரிகள் கேட்கிற அதே கேள்வி. லயமே உஷாராகிவிட்டது. திருச்சிப் பக்கமிருந்து கப்பலில் வந்த பேச்சியம்மா, "நான் இந்தத் தேயிலைச் செடிக்கு அடியிலதான் பொறந்தேன்" என்று செடியைக் காட்டிச் சொல்லியிருக்கிறாள். இங்கிரிட்டும் அதை அப்படியே எழுதிக்கொண்டாளாம்.

இந்தச் சமயத்தில்தான் உன்னை அனுப்பிய நட்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. உன் வேலை அங்கே நன்றாக இருக்கிறது, இன்னும் மூன்று மாதம் வைத்துப் பயிற்சி கொடுக்கிறோம், இங்கிரிட் திட்டப்படி மார்ச்சில் திரும்பட்டும் என்று. பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக உனக்குக் கொடுத்த ஒற்றைத் தாளில் மார்ச் 31க்குள் திரும்ப வேண்டும் என்று இருக்கிறதே, அதற்கு என்ன செய்வார்கள்? பேசிக்கொள்ளலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். பெரிய கிளாக்கர் சிவபாதம் ஐயாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பொன்னையா, திகதி தவறினால் கொழும்பில இறங்க விடமாட்டினம், வந்த கப்பலிலயே திருப்பி விடுவினம்" என்றார். அவர்கள் பெண் திரும்பிப் போவாள், என் பெண் திரும்பி வரமாட்டாள் என்று எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது.

மகளே, அப்பா ஒரு காரியம் செய்தேன். அன்றைக்கு மழையில் நனைந்த இங்கிரிட்டின் மேல்கோட்டை அம்மா நம் அடுப்புக்கு மேலே காயப் போட்டிருந்தாள். அதன் உள்பையில் அவள் நாட்டுப் பாஸ்போர்ட் புத்தகம் இருந்தது. எடுத்து முருகன் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டேன். நீ வந்து சேரும்வரை அவள் இங்கே பணயமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். திருடினேன் என்று அப்போது தோன்றவில்லை.

மறுநாள் அவளுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. எங்கள் மேல் சந்தேகப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் தன்னையே திட்டிக்கொண்டு, மலையில் நடந்த பாதையெல்லாம் திரும்ப நடந்தாள். அம்மா அந்த முருகன் படத்துக்கு முன்னாலேயே சூடம் கொளுத்தி, புத்தகம் கிடைத்தால் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை லயமே கிளம்பிவிட்டது. பேச்சியம்மா, மூக்கன், கைப்பிள்ளைக்காரிகள், எல்லோரும் செடிக்குச் செடி குனிந்து தேடினார்கள். ஒரு துண்டுக் கடுதாசிக்கும் வழியில்லாத நாற்பது குடும்பம், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கடுதாசியைத் தேடிக்கொண்டிருந்தது. நானும் குனிந்து தேடுவது போல நடித்தேன். வெட்கமாக இருந்தது, பூரணி.

மாலையில் அவள் நம் வாசலில் வந்து உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த தமிழில், "அப்பா, நான் யாரு சொல்ல இப்ப கடுதாசி இல்ல" என்றாள். உள்ளே போய் எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன். ஏன் எடுத்தேன் என்பதையும் சொன்னேன். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள். உங்கம்மா இரண்டு நாள் சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். இங்கிரிட் துரையிடம் சொல்லுவாள், வேலையை நிறுத்திப் பத்துச்சீட்டு கொடுத்துத் தோட்டத்தை விட்டே விரட்டிவிடுவார்கள் என்று நான் துணிமணியைக்கூட மூட்டை கட்டினேன்.

மூன்றாம் நாள் வந்தாள். பூரணியிடம் இது போலப் புத்தகம் இல்லையா என்று கேட்டாள். இல்லை, ஒற்றைத் தாள்தான், இந்த லயத்தில் யாருக்குமே கிடையாது என்றேன். அவள் நம்பவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். இதை யாருமே தனக்குச் சொல்லவில்லை என்றாள். உன்னைத் தேதிக்குள் கப்பலேற்றச் சொல்லித் தன் அப்பாவுக்கு எழுதுகிறேன் என்றாள். எழுதினாளா என்று எனக்குத் தெரியாது. தபால்காரனிடம் விசாரித்தேன், ஒரு கடிதம் போயிருக்கிறதாம். அதில் என்ன இருக்கிறதோ. நீ அந்த வீட்டில் கேட்டுப் பார்.

உங்கம்மா இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். "சீக்கிரம் வந்துரச் சொல்லி எழுதுங்க, மூணு மாசமெல்லாம் வேணாம்னு எழுதுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

அந்தப் புத்தகத்தை இங்கிரிட் எனக்கு விரித்துக் காட்டினாள். இது பேர், இது பிறந்த ஊர், இது நாடு என்று விரல் வைத்துச் சொன்னாள். மற்றதெல்லாம் வெறும் பக்கங்கள். இனிமேல் போகப் போகிற ஊர்களுக்காக விட்டிருக்கிறார்களாம். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ராகலையில் பிறந்தேன் என்று எவனும் எனக்கு எழுதித் தரவில்லை. அங்கே உனக்கு அப்படி ஒரு புத்தகம் தருவதாகச் சொன்னால், வாய்ப்பேச்சை நம்பாதே. கையில் கொடுத்தால் மட்டும் கப்பல் ஏறாமல் இருந்துவிடு. அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். கொடுக்கவில்லை என்றால் தேதிக்கு முன்னால் வந்து சேர். அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் மட்டும் ஆகிவிடாதே.

பதிலை இரண்டு தாளில் எழுது. ஒன்று அம்மாவுக்கு வாசித்துக் காட்ட. மற்றது எனக்கு.

எந்த ஊர் உன்னை எங்கள் பிள்ளை என்று எழுதிக் கொடுக்கிறதோ, அந்த ஊரில் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
பொன்னையா