பெல்ட் மாட்டும்போது அப்பா கேட்டது

அன்புள்ள அண்ணா,

இந்தத் தாளை யாருக்கும் காட்டாதே. உன் அறையில் கூட இருக்கும் அந்தத் தையற்காரருக்குக்கூட வேண்டாம், படித்ததும் கிழித்துப் போடு. உறையில் இதோடு இன்னொரு தாள் இருக்கும், அது விளக்கு வைத்த பிறகு அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதியது. நாங்கள் எல்லாரும் நலம், நீ நலமாக இருக்கிறாய் என்ற நினைப்பில்தான் இங்கே பொழுது போகிறது, வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே, அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை என்று எல்லாம் அவர் சொன்னபடியே இருக்கும். ஆசீர்வாதமும் சொல்லி முடித்த பிறகு, இன்னும் ஒண்ணு சேத்துக்கோ என்றார். "வண்டிக்கு டைமிங் பெல்ட்டை வீட்லயே மாத்திட்டேன்டா. பக்கத்துல நின்னு பாத்துச் சொன்னது பாப்பாதான். இப்ப எனக்கு அவ கண்ணுதான் கண்ணு." அதையும் என் கையாலேயே எழுதினேன் அண்ணா, ஒரு எழுத்துக்கூட அடிக்காமல் எழுதினேன். அதனால்தான் இப்போது குளியலறையைத் தாளிட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்குக் கொஞ்ச நாளாகக் கிட்டத்தில் இருப்பது தெரியவில்லை. தூரத்தில் இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரிகிறது, வண்டி ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை, பயப்படாதே. சின்ன எழுத்து, சின்னக் கோடு என்றால்தான் எல்லாம் கலங்குகிறதாம். கண்ணாடி மாற்றியும் சரியாகவில்லை, இதை அண்ணனுக்கு எழுதினால் பார் என்று விரலை ஆட்டியிருக்கிறார். வண்டியின் பழைய பெல்ட் வெடிப்பு விட்டிருந்தது. ஒர்க்‌ஷாப்பில் விடச் சொல்லி அம்மா எவ்வளவோ சொன்னாள், இவர் கேட்கவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, முன்சக்கரத்தைக் கழற்றி, சாக்கு விரித்து உட்கார்ந்துவிட்டார். அம்மா அடுப்படி ஜன்னலில் நின்றுகொண்டு, ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுகிற மனுஷன் இஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறார், எல்லாவற்றையும் முறத்தில் அள்ளிக் கொண்டு வாருங்கள், கல் பொறுக்குகிற மாதிரி நான் பொறுக்கித் தருகிறேன் என்றாள். அப்பா சிரிக்கத்தான் செய்தார், ஆனால் காது சிவந்துவிட்டது.

உனக்குத் தெரியும், பெல்ட் ஓடும் மேல் பல்சக்கரத்துக் குறி இஞ்சினில் இருக்கும் கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும், கீழ்ச் சக்கரத்துக் குறியும் அப்படியே. பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலே இஞ்சின் உதறும், அதற்கு மேல் போனால் வால்வு இடித்து வளைந்துவிடும், அப்புறம் இஞ்சினையே பிரித்தாக வேண்டும் என்று அப்பாவே எனக்குச் சொன்னார். கீழ்க் குறி சேர்ந்துதான் இருந்தது. மேலே இருப்பதுதான் சேரவில்லை. இரண்டு தடவை சேரலப்பா என்றேன், இரண்டு தடவையும் முனகிக்கொண்டே கழற்றி மாட்டினார். மூன்றாவது தடவை மாட்டிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இப்ப நேரா இருக்காம்மா?" என்றார். அப்போதும் சேரவில்லை. ஆனால் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டாள், முடியவில்லை என்றால் மூட்டை கட்டுங்கள், யாராவது கண் தெரிந்தவனிடம் கொடுக்கலாம் என்றாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அப்பா முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாயில் தானாக வந்துவிட்டது, இருக்குப்பா என்றேன்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஸ்பேனரைப் போட்டு இஞ்சினைக் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றி நிறுத்திவிட்டு, குறி பழைய இடத்துக்கே வந்திருக்கிறதா என்று திரும்பவும் கேட்டார். வரவில்லை. ஒரு பல்லோ, இரண்டோ, சத்தியமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதல் பொய்யை எப்படி விழுங்குவது என்று தெரியாமல் இரண்டாவதையும் சொன்னேன். அவர் என்ன செய்தார் தெரியுமா, அம்மா பக்கம் திரும்பி, "பாத்துக்கோ, நான் வளத்த மெக்கானிக்" என்றார். நீ இங்கே இருந்திருந்தால் சேரலப்பா, கழட்டுங்க என்று ஒரே போடாகப் போட்டிருப்பாய், அவரும் உன்னைத் திட்டிக்கொண்டே கழற்றியிருப்பார். என்னை ஒருநாளும் திட்டமாட்டார், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இருட்டிவிட்டது, காலையில் ஸ்டார்ட் செய்யலாம் என்று மூடியையும் முன்சக்கரத்தையும் மாட்டி, ஜாக்கியை இறக்கிவிட்டார். விடிந்தால் ஆஸ்பத்திரி நர்ஸுகளை ஏற்றிக்கொண்டு போக வேண்டும், அந்த வண்டி ஓடினால்தான் இங்கே அடுப்பு எரியும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிடும்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன், பாப்பாவுக்கு இன்னொரு கரண்டி போடு என்றார் அம்மாவிடம். தூங்குவதற்கு முன் அவர் கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டேன். நான் சொன்னால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார் அண்ணா, ஆனால் இனிமேல் என்னிடம் எதையும் கேட்கவும்

இன்னும் விடியவில்லை, கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். ஒரு நர்ஸ் போன் செய்தாளாம், சீக்கிரமே வரச் சொன்னாளாம், வண்டியை எடுக்கப் போகிறேன், வந்து கேட்டைத் திறம்மா என்கிறார். சாவி அவர் கையில் குலுங்குகிற சத்தம் கேட்கிறது. ஸ்டார்ட் பண்ணாதீங்கப்பா என்று கத்திவிட்டேன். ஏம்மா என்று கேட்டுக்கொண்டு கதவுக்கு வெளியே நிற்கிறார். அண்ணா, நான்